ஏழாம் எண் சல்லடை

சித்ரா என்பது இங்கே ஒரு தீவின் பெயர்.
'இன்னைக்கு ராத்திரியும் சித்ராவிலதான்' என்று
போனில் சொல்லப்போய்
குணபாலன் வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை.

எனக்கு அந்தத் தொல்லை கிடையாது.
எனக்கு இரவு முழுக்க ஏழாம் எண் சல்லடை.
கடல் எங்கள் ஆலைக்குள் நுழையும் வாசல் அது.
தண்ணீர் மட்டும் உள்ளே போகலாம்.
மற்றதெல்லாம் கம்பியில் ஒட்டிக்கொண்டு
லிப்டில் வருவதுபோல மெதுவாக மேலேறி வரும்:
சொறிமீன், பாசி, விரல்நீள வெள்ளி மீன்கள்,
ஒற்றைச் செருப்பு,
நாங்கள் உப்பு நீக்கிய தண்ணீரை
யாரோ குடித்துவிட்டு எறிந்த பாட்டில்.

படிவத்தில் ஒரே கட்டம்.
உயிரினம், கிலோ.
வாரிக் கூடையில் போட்டு
கூடையின் எடையைக் கழித்து எழுதுகிறேன்.
பெயர் கேட்பதில்லை.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால்
ஒன்றரை லிட்டர் கடுத்த உப்புநீர்
பின்பக்கக் குழாயில் திரும்பிப் போகும்,
வந்ததைவிடச் சூடாக,
இரவல் வாங்கிய பாத்திரத்தைக்
கழுவாமல் கொடுப்பவன் மாதிரி.
குழாய் முடியும் இடத்தில் கடற்புல் இல்லை.
முன்பு இருந்ததா, எனக்குத் தெரியாது.
மர்ஹூனுக்குத் தெரியும்.

பம்பு மெக்கானிக். என் வயதுதான்.
இந்தக் கடலுக்கடியில் நல்ல தண்ணீர் ஊற்று இருந்ததாம்.
தோல்பையோடு மூழ்கி, உப்புக்கு நடுவே பிடித்து,
பையின் வாயை இறுக்கி மேலே கொண்டுவருவார்களாம்.
'இரண்டு கடல் என்றுதானே நாட்டுக்கே பேர்,
ஒன்றை உறிஞ்சித் தீர்த்துவிட்டோம்,
முதலில் பேரீச்சைக்கு, அப்புறம் ஊருக்கு,
அப்புறம் புல்தரைக்கு'
என்று அரைகுறை இந்தியில் சொல்லிவிட்டு
பதினேழாம் நம்பர் ஸ்பானர் கேட்டான்.

போன வியாழன் சொறிமீன் படையாக வந்தது.
கடல் சூடேறினால் அதற்குத்தான் கொண்டாட்டம்.
ஏழு சல்லடையும் கஞ்சி வடித்த துணிபோல் அடைத்துக்கொள்ள
சைரன் ஊளையிட்டது.
ஆலை நின்றது.
கண்ட்ரோல் ரூமிலிருந்து நிமிடத்துக்கு ஒரு போன்:
எவ்வளவு நேரம், எவ்வளவு நேரம்.
மண்வாரியால் அள்ளினோம், நானும் தில்பகதூரும்.
முழங்கை வரை எரிச்சல்.

அந்தக் கூழுக்குள்ளேதான் கண்டேன்,
சுண்டுவிரல் அளவில் ஒரு கடல்குதிரை.
கூட்டப் பேருந்தில் தொங்குகிறவன்போல்
வாலால் கம்பியைச் சுற்றிப் பிடித்திருந்தது.
உயிர் இருந்தது.

என் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து
உள்ளே விட்டேன்.
அந்த அவசரத்தில் தோன்றியது அவ்வளவுதான்:
தண்ணீர்.
நல்ல தண்ணீர்.
எங்கள் ஆலையில் எடுத்தது,
எவ்வளவு சுத்தமென்று நானே கையெழுத்துப் போட்டது.

கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றது.
பிறகு வால் அவிழ்ந்தது.

நாலடி தள்ளிக்
கடல் இருந்தது.

தராசில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம் என்றது.
கிராமெல்லாம் அதற்குத் தெரியாது.
அன்றைய கட்டத்தில் நான் எழுதியது
ஆயிரத்து நூற்றிருபது.
அதற்குள் அது இல்லை.

விடிகாலை கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது
ரவுண்டானாப் புல்லுக்குத் தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்தது.
பாதி புல்லில், பாதி தார்ச்சாலையில்.
தில்பகதூர் ஜன்னலைத் திறந்து
எரியும் கையை வெளியே நீட்டினான்.
நானும் நீட்டினேன்.
சுகமாகத்தான் இருந்தது.

அறையில் குணபாலன்
குழாயைத் திறந்துவிட்டபடி சவரம் செய்துகொண்டே
போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.
வீட்டில் சமாதானம் போல.
நான் எட்டிக் குழாயை மூடினேன்.
'மூஞ்சியெல்லாம் சோப்புடா' என்று
அவன் திறந்தான்.