வென்ஃப்ளான்

படிவத்தில் பதினோராம் கேள்வி:
கடந்த ஓராண்டில் பச்சை குத்திக்கொண்டீர்களா?
இல்லை என்று டிக் அடித்திருந்தான்
தங்கச்சிமடம் ஜெரோன்.
நரம்பு பார்க்கச் சட்டைக் கையை ஏற்றினேன்.
நங்கூரம் ஒன்று,
ஓரத்தில் பொருக்கு இன்னும் உதிராமல்.

ஏர்வாடிக் கந்தூரிக் கடையில் குத்தியதாம்.
ஒரே ஊசியா என்றேன்.
வரிசையில நின்னோம் சார் என்றான்.

உள்ளே அவன் தங்கை ஜெனோவா.
பிள்ளை பிறந்துவிட்டது, உதிரம் நிற்கவில்லை.
இருவருக்கும் ஓ நெகட்டிவ்.
ராமநாதபுரம் முழுக்கத் தேடினாலும்
அந்த இரவில் அவன் ஒருவன்தான்
எழுந்து வந்திருந்தான்.

கிருமி குடியேறிய பின்னும்
சோதனைக்கு முகம் காட்டாத வாரங்கள் உண்டு.
சன்னல் காலம் என்று பெயர்.
எட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாத சன்னல்.
சொன்னேன்.
கூடப் பொறந்தவளுக்கு நான் விஷமா என்று
கதவை அறைந்துவிட்டுப் போனான்.

மதுரையிலிருந்து ஐஸ் பெட்டியில் இரண்டு பை.
பார்த்திபனூர் தாண்டியாச்சு,
பரமக்குடி,
சத்திரக்குடி என்று
டிரைவர் போனில் சொல்லச் சொல்ல
நான் மூச்சு விட்டேன்.
பெயர், எண், வகை
இரண்டு பேர் படித்து
இரண்டு பேர் கையெழுத்து.
முதல் பதினைந்து நிமிடம் சொட்டுச் சொட்டாக,
பக்கத்திலேயே நின்றேன்.
விடியும்போது அவள் உதட்டில் நிறம்.
எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஐந்தாம் நாள் ஜெரோன் வந்து கூப்பிட்டான்.
கத்தவில்லை.

அவள் புறங்கையில் அதே வென்ஃப்ளான்.
பிளாஸ்டரில் எழுதிய தேதி
வியர்வையில் கரைந்திருந்தது.
ஊசி முனையிலிருந்து முழங்கை வரை
சிவப்பாய் ஒரு கயிறு,
தொட்டால் கொதிக்கிறது.
நூற்றுமூன்று காய்ச்சல்.
குழந்தையை அடுத்த கட்டில்காரி வைத்திருந்தாள்.
கட்டில் காலில் கட்டிய கைமருந்து பாட்டிலை
அழுத்தினேன்,
காற்று வந்தது.

அவன் சட்டைக் கையைச் சுருட்டினான்.
பொருக்கு உதிர்ந்து
நங்கூரம் பளிச்சென்று ஆறியிருந்தது.
அதைத் தங்கையின் கை பக்கத்தில் வைத்து,
இது எந்தக் கடை ஊசி சார்? என்றான்.

சிஸ்டர் ஊசியை உருவினார்.
கல்ச்சர் பாட்டிலில் எண் எழுதினேன்,
ஏழு, ஒன்றைப்போல் விழுந்தது.
குழாயடிக்குப் போனேன்.
நம்மூர் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது,
அது வேறு கதை.
இன்று அந்தத் தண்ணீரும்
நாலு மணிக்குத்தானாம்.