நாற்பது நிமிடம் பெயரில்லாத ஊர்

இரவு பத்துக்குப் பிறகுதான் எங்களுக்கு வீதி.
பாடர்போர்னுக்குத் தெற்கே ஒரு தரிப்பிடத்தில்
காற்றாலை இறகு ஒன்று,
அறுபத்தெட்டு மீட்டர்,
வெள்ளையாய் நீட்டிக் கிடக்கிறது.
நுனியில் சிவப்பு விளக்கு.
அதன் கீழே யாரோ குடித்துப் போட்ட கோப்பிக் குவளை.

முன்னுக்குப் போகிறவள் நான்.
கூரையில் மஞ்சள் வெளிச்சம் சுழலும் வான்,
மூக்கில் நட்டிருக்கும் அளவுகோல்.
பாலத்தின் அடிவயிறு அதில் தட்டினால்
பின்னால் வருகிற எல்லாம் நிற்கவேண்டும்.

லொறிக்குள் டெட்லெஃப்.
பகலில் அவனை இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன்.
மூன்று வருடமாய்க் கேட்பது குரல்,
இருமல்,
உப்புப் பிஸ்கட் நொறுங்கும் சத்தம்.
'சுகி, என்ன தெரியுது?'
'வலப்பக்கம் ஒரு கிளை. பிறகு ஒண்டுமில்லை.'
ஒண்டுமில்லை என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அனுமதிப் பத்திரம் அறுபத்தொரு பக்கம்:
எந்தப் பாலத்தில் நடுவால் ஊர்வது,
எந்த வட்டச் சந்தியில் இரும்புத் தகடு விரிப்பது,
எந்த ஆற்றைத் தாண்டும்போது
வேறு ஒரு வாகனமும் பாலத்தில் இருக்கக்கூடாது.
இந்த நாட்டில் நான் இருக்கலாம் என்று வந்த கடிதம்
ஒன்றரைப் பக்கம்.
அதிலும் பாதி தொலைபேசி இலக்கங்கள்.

போன கிழமை மூன்று இரவு நகரவில்லை.
காற்று கூடிப்போச்சு.
காற்றுக்கென்றே வார்த்த சாமான்
காற்றடித்தால் அசையக்கூடாது.
டெட்லெஃப் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.
நாலாம் முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கு இலைகூட ஆடவில்லை.
ஒன்று நாற்பதுக்கு நீடர்ஹோல்ட்.
வளைவுக்குள்ளேயே நிற்கிறது மஞ்சள் ஊர்ப்பலகை.
நாலு திருகாணி கழற்றித் தூக்கினேன்.
ஓர் ஊரின் பெயர்
நினைத்த அளவுக்குப் பாரமில்லை.

அடுத்தது பேக்கரி,
பேக்கரிக்கு முன்னால் நீலக் கார்.
தரிக்கத் தடை என்று
போன திங்களே எழுதி வைத்தாயிற்று.
மணி அடித்தேன். மாடியில் வெளிச்சம்.
அரைக் காற்சட்டை, ஒரு காலில் மட்டும் சப்பாத்து.
'பற்றரி செத்து ஐந்து நாள்' என்றான்,
துக்கம் விசாரிக்க வந்தவளுக்குச் சொல்கிற மாதிரி.

பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தள்ளினோம்,
நான், அவன்,
மாக் கையோடு ஓடிவந்த பேக்கரிப் பெண்.
பின்சில்லுகளைத் திருப்புகிற ரிமோட்
காஸிமிரின் நெஞ்சில் தொங்குகிறது,
கை எடுக்க முடியாது,
ஆகவே போலிஷ் மொழியில் புத்தி சொன்னான்.

பிறகு இறகு வந்தது.
வேலிக்கு மேலால்,
ஒரு வீட்டு டிராம்போலினுக்கு மேலால்,
கொடியில் மறந்த துவாயைத் தொடாமல்.
ஒரு மாடி ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.
உள்ளே ஒருவர் பல்துலக்கியை வாயில் வைத்தபடி,
துலக்காமல்.
'சுகி?'
'வா.'
'சுகி?'
'ஒரு சாண் இருக்கு. வா.'

நான் பெயரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.
அந்த நாற்பது நிமிடத்தில் யாராவது வந்திருந்தால்
எந்த ஊர் என்று என்னைத்தான் கேட்டிருப்பார்கள்.
ஒருவரும் வரவில்லை.

திரும்பப் பூட்டும்போது
ஒரு திருகாணி கையிலிருந்து உருண்டு
வடிகால் கம்பிக்குள்ளே போனது.
விழுந்த சத்தம்கூட இல்லை.
மூன்றோடு இறுக்கினேன்.

காலை ஏழுக்கு, இறகை மலையில் விட்டுவிட்டு
வெறும் வானோடு அதே வழி.
பலகை இடப்பக்கம் சரிந்திருந்தது,
படிக்கலாம், பிழையில்லை.
நீலக் கார் நாங்கள் தள்ளிவிட்ட இடத்திலேயே,
இன்னொரு தடைப்பலகைக்கு நேர் கீழே.

ஒரு கோபுரத்துக்கு மூன்று இறகு.
இன்னும் இரண்டு வரவேண்டும்,
வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று.
நாலாவது திருகாணியைப் பற்றி
அதுவரைக்கும் யோசிக்கலாம்.