பொக்கெற்றில் இருந்த அட்டை

அப்தலியில் எங்கள் லோண்ட்ரிக்கு வியாழன்தோறும்
நீலத்தொப்பிக்காரரின் மூட்டை வரும்.
சேட்டு இருநூற்றுப் பதினொன்று. எண்ணி,
பொக்கெற் துழாவிப் பிறகுதான் மெசினில் போடுவேன்.
பேரீச்சங்கொட்டை. பாதிச் சிகரெட்.
ஒருமுறை, கடதாசியில் மடித்த பால்பல்.

இந்தக் கிழமை ஓர் அட்டை.
ஒரு பக்கம் வங்காளம், மறுபக்கம் இங்கிலீஷ்.
அயன் சூடேறும்வரை எழுத்துக்கூட்டினேன்.

முதலில் சத்தமிட்டு எச்சரி. பிறகு வானத்தை நோக்கி.
அதற்கும் நிற்காவிட்டால், வேறு வழியே இல்லாவிட்டால்,
தேவையான அளவு. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.
உன் உயிருக்கு ஆபத்தென்றால் சுடலாம்.
உன் தோழனுக்கென்றாலும்.
மற்றவர்களுக்கு என்ற இடத்தில்
மேலிடத்தைக் கேள் என்று இருந்தது.

ப்ளீச்சும் அப்படித்தான். ஒரு மூடி.
கூடினால் கறையோடு துணியும் போகும்.

அந்தியில் மொஃபிசுல் வந்தான், அட்டையைத் தேடி.
பாதி ஹிந்தி, பாதி அரபு; கதை மட்டும் முழுசு.
தக்காளித் தோட்டம். அகழி தாண்டி வந்த நாலு பேர்
தண்ணீர் மோட்டரைக் கழற்றினார்கள்.
மறித்த எகிப்துக்காரன் அதிய்யாவை
முழங்காலில் இருத்தினார்கள்.
இவன் சத்தமிட்டான். வானத்தைச் சுட்டான்.
வானம் சும்மா இருந்தது.
வோக்கியில் கேட்டான். "பொறு" என்றது வோக்கி.
பதினொரு நிமிடம் பொறுத்தான்.
அதிய்யா பொறுத்தது நாலு நிமிடம்.

"சுட்டிருக்கலாமா?" என்று என்னைக் கேட்டான்,
சட்டம் படித்தவனைக் கேட்பதுபோல.

கிழித்தெறி அதை என்று நாக்கு நுனிவரை வந்தது.
ஆனால் அட்டை இல்லாத துவக்குகளை நான் அறிவேன்.
எங்கள் வீதியில் எவரும் முதலில் சத்தமிடவில்லை.
எவரும் எவரையும் கேட்கவில்லை.
சந்தைக்குப் போன என் தமையனுக்கு
எத்தனை குண்டு தேவைப்பட்டது என்று
எண்ணத் தொடங்கிய டொக்டரே
இடையில் நிறுத்திவிட்டார்.

அதனால் அட்டையைத் துடைத்துக் கொடுத்தேன்.
அந்த ஒரு வரியை மட்டும்
யாராவது திருத்தி எழுதட்டும் என்றேன்.
யார், என்றான்.
எனக்கெப்படித் தெரியும்? நான் துணி எண்ணுகிறவன்.

போகும்போது பையிலிருந்து இன்னொரு சேட்டு எடுத்தான்.
சேட்டுக் கை இரண்டும் முழங்கை வரை சிவப்பு.
தக்காளி, என்றான்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

எது எதுவென்று நானும் கேட்கவில்லை.
பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டேன்.
இரண்டுக்கும் அதுதான் முறை.