எரிவாயு பில்லின் பின்பக்கம்

டுலூத்தில் ஜனவரி.
ஏரி உறையும் முனகல்
கராஜ் கதவிடுக்கு வழியே உள்ளே வருகிறது.
எரிவாயு பில்லைக் கவிழ்த்துப் போட்டு
முதுகில் எழுதுகிறேன்:
பிளைமவுத் டஸ்டர், எழுபத்தொன்று.
முந்நூற்று நாற்பது எஞ்சின்.
இன்னும் வேகம்.

முதலில் கேம்ஷாஃப்ட்.
எந்த வால்வு எப்போது வாய் திறக்கும்
எவ்வளவு நேரம் திறந்தே கிடக்கும் என்று
எஞ்சினுக்கு மூச்சுக் கணக்கு வைப்பது அதுதான்.
பெரிதாகப் போட்டால்
சிக்னலில் நிற்கும்போதே வண்டி உறுமிக் குலுங்கும்,
பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை இறக்குவான்.
ஆனால் வேக்கம் குறையும்.
வேக்கம் குறைந்தால் பிரேக் கல்லாகும்.
எங்கள் ஊர்த் தெருக்களோ
மேட்டிலிருந்து நேராக ஏரிக்குள் குதிக்கப் பார்ப்பவை.
விரலுக்கேற்ற வீக்கம் போதும் என்று
‘பெரிய’வை அடித்து ‘நடுத்தர’ என்று எழுதினேன்.

கேம் என்றால் வால்வு ஸ்பிரிங்.
ஸ்பிரிங்கில் கை வைத்தால்
ஹெட்டைக் கழற்றச் சொல்லும் மனசு.
ஹெட்டைக் கழற்றியவள்
பிஸ்டனைப் பார்க்காமல் மூடுவாளா?
ஸ்வெட்டரில் ஒரு நூலைத்தான் இழுத்தேன்.
இப்போது குளிர்கிறது.

ஆர்விட் நியெமி வந்தான், தெர்மாஸோடு.
செவெல் வைத்திருப்பவன்.
மூன்று கோடையாக லண்டன் ரோட்டில்
நான் பார்த்துக்கொண்டிருப்பது
அவன் வண்டியின் பின்விளக்குகளை.
“எத்தனை குதிரை வேண்டும், அதைச் சொல் முதலில்” என்றான்.
எத்தனை என்பதில் இல்லை, ஆர்விட்.
எத்தனை ஆர்பிஎம்மில்
லாயத்தை விட்டு வெளியே வரும் என்பதில் இருக்கிறது.
ஆறாயிரத்தில் வரும் குதிரைக்கு
அடுத்த சிவப்பு விளக்குக்குள் என்ன வேலை?
அவன் காப்பியை ஊதிக் குடித்தான்.
பில்லை எட்டிப் பார்த்தான்.
நான் முழங்கையால் மறைத்தேன்.

ஆக, பின் அச்சின் கியர்:
மூன்று புள்ளி இரண்டு மூன்றிலிருந்து
மூன்று புள்ளி ஒன்பது ஒன்றுக்கு.
அதற்கேற்ற கன்வெர்ட்டர்.
ஹெடர்கள். புதிய இன்டேக்.
கூட்டினேன்:
நாலாயிரத்து எண்ணூற்று அறுபது டாலர்.
பள்ளிப் பேருந்துகளின் அடியில் படுத்து
நான் சம்பாதிக்கும் ஆறு வாரம்.
மறுபடி கூட்டினேன்.
குறையவில்லை.

மார்ச் நடுவில் தங்கை ஜோனெல் வந்தாள்.
சும்மா இருக்கிறாயே,
உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதி என்றேன்.
எஞ்சின் அணைந்திருந்தது.
கார்ப்பரேட்டரின் தொண்டைக்குள்
டார்ச் அடித்துக் குனிந்தேன்.
முன்னிரண்டு கதவுகள் திறந்தன.
பின்னிரண்டும்
தூக்கக் கலக்கத்தில் கண் விழிப்பதுபோல்
ஒரு கீற்று. அவ்வளவுதான்.

“முழுக்க மிதி.”
“மிதிச்சிட்டேன்.”
“முழுக்க.”
“மார்லிஸ், தரை வந்திருச்சு.”

தரை வரவில்லை.
வந்தது கம்பளி.
மூன்று அக்டோபர்களுக்கு முன்
கால் விறைக்கிறதே என்று
மேட்டுக்கு அடியில்
நானே வெட்டி நானே ஒட்டிய
இரண்டு விரல் கனத்துக் கம்பளி.

கிழித்து எடுத்தேன்.
மறுபடி மிதித்தாள்.
நான்கு கதவுகளும்
செங்குத்தாக நிமிர்ந்து நின்றன.
கீழே இருட்டு தெரிந்தது.

ஜோனெல் சிரிக்க ஆரம்பித்து
ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.
நான் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தேன்.

பட்டியலைக் கிழிக்கவில்லை.
எல்லாவற்றுக்கும் மேலே
இருந்த இடுக்கில் நெருக்கி எழுதினேன்:
கம்பளி. செலவு இல்லை.
கன்வெர்ட்டரை அடித்தேன். ஹெடரை அடித்தேன்.
பின் கியரை விட்டுவைத்தேன்.
கேமுக்குமேல் பேனா கொஞ்சம் நின்றது,
அப்புறம் நகர்ந்துவிட்டது.

மே மாதம் ஆர்விட் கேட்பான்,
எஞ்சினில் என்ன மாற்றினாய் என்று.
யோசித்துச் சொல்ல வேண்டும் அதற்கு.

பில்லைத் திருப்பினேன்.
கெடு பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது.