கூட்டல் குறி

லெசோத்தோ. மொகோட்லோங் மலைமேல் ஒரு கிளினிக்.
லிமகாட்ஸோ குதிரையை வேலியில் கட்டிவிட்டு
முதலில் தன் தோள் கம்பளியை அவிழ்த்து
சோலார் பலகைகளின்மேல் போர்த்துகிறாள்.
சூரியனுக்குச் சுவிட்ச் கிடையாது.

பிறகு பேட்டரியின் முனையைக் கழற்றுகிறாள்.
தடுப்பூசிப் பெட்டியின் உறுமல் நிற்கிறது.
மீட்டரில் பூஜ்யம் பார்த்து,
நம்பாமல்
இன்னொரு முறை பார்த்து,
மூடியைத் திறக்கிறாள்.

ஊர்க்கம்பி மின்சாரம்
நொடிக்கு நூறு முறை செத்துப் பிழைக்கும்;
பிரேக்கர் அதில் ஒரு சாவைப் பிடித்துக்கொள்ளும்.
இது நேர்மின்சாரம். மூச்சு விடாது.
செம்பையும் செம்பையும் பிரித்தாலும்
இடைவெளியில் நின்று எரியும்,
உள்ளிருக்கும் காந்தம் அதை ஊதித் தள்ளும்வரை.
அந்தக் காந்தத்துக்கோ ஒரு திசைதான் தெரியும்.
எதிர்ப்பக்கமிருந்து வந்தால்
தீயைத் தன் மடிக்கே இழுத்துக்கொள்ளும்.

பேட்டரிக் கம்பியில்
பகலில் உள்ளே ஓட்டம், இரவில் வெளியே.
அங்கே போய் யார் வைத்தது,
கூட்டல் குறி போட்ட பிரேக்கரை?

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோகிறாள்.
ஒட்டுத்தாளில் நீல மையில் தேதி.
ஏழாம் எண்ணின் நடுவே இப்படிக் கோடு கிழிப்பவள்
இந்த மாவட்டத்தில் ஒருத்திதான்.

மூன்று குளிர்காலம்.
ஒரு ஷார்ட்கூட ஆகவில்லை என்பது
அவள் கணக்கில் சேராது.

'என்ன கோளாறு?'
தேநீரோடு வருகிறாள் நர்ஸ் காவுஹெலோ.
'நான்' என்கிறாள்
திருகாணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

இருபக்கமும் அறுக்கத் தெரிந்த புதியது ஏறியது.
முனை மாட்டினாள், கம்பளியை உருவினாள்,
பெட்டி மறுபடி உறுமியது.
பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அதே நீல மை
இன்னும் நான்கு கிளினிக்குகளில்.
பனி இறங்குமுன்
குதிரை ஏறினாள்.