கேள்வி ஏழு

கிரிம்ஸ்பி. நூலகத்தின் மாடியறை, செவ்வாய் மாலை.
ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஒருவரும் மேல்கோட்டைக் கழற்றவில்லை.

உள்ளே வைத்துக்கொள்வதற்கு இந்த ஊர் மொழியில்
வினைச்சொல் தனியாகப் போதாதாம்.
பின்னாலேயே ஒரு குட்டிச் சொல் ஓடிவர வேண்டும்,
எந்தப் பக்கம் தள்ளுவதென்று கை காட்ட.
கண்ணீரென்றால் பேக்.
கோபமென்றால் டவுன்.
துக்கத்தைப் புட்டியில் ஊற்றி, அப்.

"ஏன் அப்? அலமாரியின் மேல்தட்டிலா வைப்பீர்கள்?"
என்றான் ரிமான்டஸ்.
ஹிலரி டௌஸ் சிரித்தாள்.
"தெரியாது. அப்படித்தான்."
பத்தொன்பது வருடமாக அதைத்தான் சொல்கிறாளாம்.

கேள்வி ஏழு:
'கல்லறை ஓரத்தில் அவர் கண்ணீரை சோக் ______.'
ரிமான்டஸ் எழுதியது: ஆன்.
சிவப்புப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி.

அவன் விடவில்லை.
நாளெல்லாம் ஹாடக் மீனுக்கு முள் எடுக்கிறவன்.
"முள் சிக்கினால் ஆன்தானே?
இதுவும் அதே தொண்டை.
பேக் என்றால் எங்கே?
கண்ணுக்குப் பின்னால் குடோன் இருக்கிறதா?"

லெத்தே அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.
மற்றதெல்லாம் சரி, அது மட்டும் வெறும் கோடு.
"ஏழு என்ன ஆயிற்று, லெத்தே?"
"என் அம்மாவைப் புதைத்த அன்று தெருவே அலறியது.
அஸ்மாராவில் இருந்து யாரும் அதை அடக்கச் சொல்லித் தரவில்லை.
என்ன போடுவதென்று தெரியவில்லை, மிஸ்."

ஹிலரி விடைத்தாளைப் பார்த்தாள்.
பேக் என்றே அச்சாகியிருந்தது.
"என் அப்பாவுக்கு," என்று தொடங்கி,
"ஹாம் சாண்ட்விச் கொடுத்தோம்.
மழை பெய்யாதது நல்லதாய்ப் போயிற்று என்று
எல்லோரும் சொன்னார்கள்.
நானும் சொன்னேன்."
பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
ரிமான்டஸுக்கு அரை மதிப்பெண்.
லெத்தேயின் வெறுங்கோட்டுக்கு ஒரு சரிக்குறி,
சின்னதாக, யாரும் பார்த்துவிடக் கூடாததுபோல.

நான் பேக் என்று எழுதியிருந்தேன்.
முழு மதிப்பெண்.
பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியது.

ஒன்பது மணிக்கு மேல் பஸ் நிறுத்தத்தில் நாங்கள் மூவர்.
ரிமான்டஸின் கையுறையில் இன்னும் மீன் வாடை.
எதிரே, கார் நிறுத்துமிடத்தில், ஹிலரியின் நீல ஃபியஸ்டா.
விளக்கு எரிகிறது, எஞ்சின் ஓடுகிறது,
வண்டி நகரவில்லை.
கண்ணாடி நாலு பக்கமும் ஆவி படிந்து
உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை.

லெத்தே சாலையைக் கடக்க ஓரடி எடுத்து வைத்தாள்.
"வேண்டாம்," என்றேன் நான்,
இந்த ஊர்க்காரனைப் போல.

அவள் போனாள்.
போய், விரல் முட்டியால் கண்ணாடியைத்
தட்டினாள்.