ஒன்றுக்குப் பன்னிரண்டு

“நுழைவாயில்போல் இருக்க வேண்டும்” என்றது கடிதம்.
பாலம் என்ற சொல்
மூன்றாவது பத்தியில்தான் வந்தது.

முதல் வாரம் நான் எதையும் வரையவில்லை.
கெலுகோரில், நெடுஞ்சாலையோரம்,
விளக்குக் கம்பத்தடியில் நின்று
ஆள் எண்ணினேன்.
கைக்குள் அடங்கும் கருவி;
தலைக்கு ஒரு சொடுக்கு.

ஆறே முக்காலுக்குத் துப்புரவுப் பெண்கள் ஐவர்.
தடுப்புக் கம்பியில் எங்கே ஓட்டை என்று
காட்டித் தந்தவள் கோகிலவாணி.
“யாரு வெட்டுனதுன்னு கேக்காதீங்க மிஸ்,
நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சு.”

ஏழரைக்கு மாணவர்கள்:
ஈரம் காயாத தலை,
விரலில் தொங்கும் ஐஸ் மைலோ பொட்டலம்.
லாரி ஹாரன் அடித்தால்
மன்னிப்புக் கேட்பதுபோல் கையைத் தூக்கிவிட்டு
மறுபடி கைப்பேசியில் குனிகிறார்கள்.
எட்டேகாலுக்கு ஓர் உடும்பு.
அதற்கும் ஒரு சொடுக்கு.
அறிக்கையில் உள்ள இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்றில்
ஒன்று அது; இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சக்கர நாற்காலி என்ற கட்டத்தில்
ஐந்து நாளும் சுழி.
சுழி போடுவது எளிது,
பேனா தானாகவே வளைகிறது.

வெள்ளிக்கிழமை பசியாறப் போன கடையில்
என் மேசைக்கு எதிரே, இருக்கை இல்லாத இடமாகப் பார்த்து
வந்து நின்றான் ஒருவன், சக்கரங்களோடு.
ஹஸ்ரி. புள்ளியியல், இரண்டாம் ஆண்டு.
கடைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில் அறை.
வாசல் இங்கிருந்தே தெரிகிறது,
காவலாளியின் தொப்பிகூடத் தெரிகிறது.
போக வாடகைக் கார், ஏழு வெள்ளி,
இரண்டு கிலோமீட்டர் தள்ளித் திரும்பி வரும்.
என் தாளை எட்டிப் பார்த்து மலாயில் கேட்டான்:
“கடக்காதவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?”

கூட்ட அறையில் குளிர்.
பினாங்கு என்றால் பாக்கு;
ஆகவே பாக்குமரம்போல் இரண்டு தூண்,
இருபத்து நான்கு மீட்டர், உச்சியில் விளக்கு
என்றார் டாக்டர் சுல்ஹில்மி.
கணினிப் படத்தில் அழகாகத்தான் இருந்தது.
அதில் மழை இல்லை. மோட்டார் இல்லை.
நடப்பவர்கள் எந்த நாட்டவரோ,
கம்பளி மேலங்கி போட்டிருந்தார்கள்.

நான் எண்களை வைத்தேன்.
லாரி நுழைய, உத்தரம் தாங்க, ஆறரை மீட்டர் உயரம்.
ஒன்று ஏறப் பன்னிரண்டு போக வேண்டும்.
கரைக்கு எழுபத்தெட்டு மீட்டர் சாய்தளம்,
இடையிடையே கை ஓய்ந்து நிற்கச் சமதளம்.
தூண்களின் விலையும் அதன் விலையும்
ஏறக்குறைய ஒன்று.
“மின்தூக்கி போதாதா?”

எங்கள் வீடு பதினோராம் மாடி.
‘பழுது’ என்று ஒட்டிய தாள்
வெளுத்து, எழுத்து மறைந்து,
வெறுந்தாளாக இன்னும் ஒட்டியிருக்கிறது.
அதை மட்டும் சொன்னேன்.

பதினெட்டாம் வரைபடத்தில் தூண்கள் இல்லை.
சாய்தளம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி
மூன்று மடிப்பாக இறங்குகிறது.
மரத்தை எடுத்தால் இரண்டு மடிப்பு போதும் என்று
கணக்குப் போட்டுக் காட்டினாள் ஊய் லெங்.
காட்டிவிட்டு, அவளே அழித்தாள்.
இரவில் பூட்ட ஒரு கதவு கேட்கிறார்கள்.
அந்தத் தாள் என் மேசையில்,
கோப்பிக் குவளைக்கு அடியில்.

கோகிலவாணி கேட்டாள்:
“பாலம் வந்துட்டா ஓட்டைய அடைச்சிடுவாங்கல்ல?”
அடைப்பார்கள்.

சாய்தளத்தின் முதல் அடியை
அந்த ஓட்டைக்கு நேராகவே வைத்தேன்.
இடத் தேர்வுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
‘மண் பரிசோதனை’ என்று எழுதினேன்.
பொய்யில்லை.
சுற்றிலும் முழங்கால் உயரப் புல்;
அங்கே மட்டும் மண்
அவ்வளவு இறுகியிருக்கிறது.